ஆறு பின் வயர்

மூன்று நாளாக மாப்பிள்ளைக்குப் பெண்டாட்டியிடம் திட்டு விழுந்துகொண்டிருந்தது. ஏதோ வந்தோம் போனோம் என்கிற திட்டு இல்லை. காலையில் பல் தேய்க்கும்போது ஆரம்பித்து, டீ ஆறி, மழை விட்டு, மறுபடி மழை பிடித்து, எம்ப்ராய்டரி மிஷினுக்கு உறை போடுகிறவரைக்கும் ஓடுகிற திட்டு.

"ஒரு ஃபேன் ஓடலேன்னா யாரு செத்துட்டா? மெயினைப் போட்டு டப்பு டப்புன்னு அடிச்சு, என் பத்து வருஷத்தையும் சேர்த்து அடிச்சுட்டீங்களே! கையை வெச்சுக்கிட்டு சும்மாவே இருக்க மாட்டீங்களா நீங்க?"

"ஆமா. என் தப்புதான்."

"ஆமாவாம் ஆமா! ஆமான்னு சொன்னா டிஸ்க்கு எந்திரிச்சு உட்கார்ந்துடுமா?"

மாப்பிள்ளை அதற்கும் ஆமா என்றுதான் சொல்லியிருப்பார். நல்லவேளை, இருமல் வந்துவிட்டது.

மாடிப்படியின் நடுவில் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள் அண்ணி. கையில் ஈரத்துணி வாளி. கீழே இறங்கினால் அந்தப் பேச்சுக்கு நடுவே துணி காயப் போட வேண்டும். மேலே ஏறினால் துணி நாறும். வாளியின் கைப்பிடி விரலை வெட்டியது. வெட்டட்டும் என்று நின்றாள். கம்ப்யூட்டர் டிஸ்க்கைக் கொன்றது மெயின் இல்லை, மாப்பிள்ளை இல்லை, தான்தான் என்பது அந்த வீட்டில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

மேல்வீட்டில் அண்ணியும் அவள் வீட்டுக்காரரும். கீழ்வீட்டில் வீட்டுக்காரரின் தங்கையும், தங்கை புருஷனான மாப்பிள்ளையும். நாத்தனார் கூப்பிடுகிற அந்த "அண்ணி"யையே அக்கம்பக்கத்தில் இருக்கிறவர்களும் பிடித்துக்கொண்டார்கள். கடைசியில் தண்ணி கேன் போடுகிறவர்கூட "அண்ணி, ரெண்டா மூணா?" என்றுதான் கேட்பார்.

கீழ்வீட்டு முன்னறை பூராவும் எம்ப்ராய்டரி மிஷின்தான். பன்னிரண்டு ஊசி, பன்னிரண்டு நூல் கண்டு. ஓட ஆரம்பித்தால் மேல்வீட்டு அலமாரியில் தம்ளர் நடுங்கும். மிஷின் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர். பூ, கொடி, எழுத்து, கம்பெனிச் சின்னம் என்று எதுவாக இருந்தாலும் நாத்தனார் அதில் உட்கார்ந்து தையல் தையலாக வரைவாள். ஒரு மயில் தோகைக்கு இருபதாயிரம் தையல். ஒவ்வொன்றுக்கும் ஊசி எங்கே குத்த வேண்டும், எங்கே நூல் மாற வேண்டும் என்று அவள்தான் தீர்மானிக்க வேண்டும். பத்து வருஷத்தில் அப்படி மூவாயிரத்துக்கும் மேலே. கழுத்து வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே வரைந்தவை.

மாப்பிள்ளை ஒரு குடோனில் சூப்பர்வைசராக இருந்தவர். குடோனை மூடி ஆறு மாசம் ஆயிற்று. இப்போது பெண்டாட்டிக்கு நூல் வெட்டிக் கொடுப்பார், தைத்த துணிக்குப் பின்னால் இருக்கிற தாளைக் கிழித்துக் கொடுப்பார். மற்ற நேரத்தில் வீட்டில் எது ஆடுகிறது, எது ஒழுகுகிறது என்று ஸ்க்ரூ டிரைவரும் கையுமாகத் தேடிக்கொண்டிருப்பார். அவர் சரிசெய்த குழாய் ஒன்று இரண்டு நாளில் சுவரைவிட்டே வெளியே வந்துவிட்டது. அதிலிருந்து அவருக்குக் கைராசி இல்லை என்று ஒரு பேச்சு. அந்தப் பேச்சைத் தொடங்கியவரும் அவர்தான்.

அண்ணி? அவள் முப்பத்தொன்பது வயதில் ஹார்டுவேர் கிளாஸில் சேர்ந்தவள். செருப்புக் கடைக்கு மேலே மாடி, படியேறினால் ரப்பர் வாசனை. அங்கே இருந்த பையன்கள் முதல் வாரம் ஆன்ட்டி என்றார்கள். இரண்டாவது வாரம், ராம் என்கிற மெமரிப் பலகை சரியாக உட்காராமல் பீப் பீப் என்று கத்திய மிஷினை அவள் கழற்றி, தங்க நிறப் பல்லைத் துடைத்து, இரண்டு பக்கமும் கிளிப் 'கிளிக்' என்று விழுகிறவரை அழுத்தி எழுப்பிக் கொடுத்தாள். அதற்கப்புறம் அக்கா ஆகிவிட்டாள். மதர்போர்டில் கேபினட் பட்டனுக்குப் போகிற மயிரிழை வயர்கள் இருக்குமே, பவர், ரீசெட், லைட் என்று, எல்லாரும் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து மாட்டுவார்கள். இவள் ஒருமுறை பார்த்ததோடு சரி. அடுத்தமுறை கண்ணை மூடிக்கொண்டு மாட்டுவாள். பிராசஸரை சாக்கெட்டில் வைக்கும்போது மட்டும் மூச்சை நிறுத்திக்கொள்வாள். அங்கே முடிமாதிரி முள்கள், ஒன்று வளைந்தாலும் போர்டு போச்சு.

வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. அச்சகத்தில் கூட வேலை செய்கிறவர்கள் எல்லாரிடமும் சொன்னார். "எங்க வீட்ல மிக்ஸி ரிப்பேர்னாக்கூட இனிமே வெளிய போக மாட்டோம். இன்ஜினியரம்மா இருக்காங்க."

"மிக்ஸி வேற, கம்ப்யூட்டர் வேறங்க."

"ரெண்டும் சுத்துதில்ல?"

சேர்ந்த இரண்டாம் மாசமே நாத்தனாரின் கம்ப்யூட்டரைப் பிரித்து வயரையெல்லாம் அழகுபடுத்தினாள் அண்ணி. கேபினட்டுக்குப் பின்பக்கத் தகட்டுக்கு அடியில், ஜடை பின்னுவதுபோல் வயர்களைச் சேர்த்து, பன்னிரண்டு பிளாஸ்டிக் டை போட்டு இழுத்துக் கட்டினாள். அதைப் போட்டோ எடுத்து கிளாஸ் குரூப்பில் போட்டதும் சாரே கைதட்டுகிற படம் அனுப்பினார். அந்தப் போட்டோவை அவள் எத்தனை தடவை திறந்து பார்த்தாள் என்று அந்த போனுக்குத்தான் தெரியும்.

இரண்டாவது டிஸ்க் போடச் சொன்னதும் அவள்தான். "ஒண்ணு போனாலும் இன்னொண்ணு இருக்கும்ல. காப்பி எடுத்து வெச்சுக்கோ" என்றாள். நாத்தனார் மகராசி என்று கன்னத்தைத் தொட்டாள். இரண்டு டிஸ்க்கும் ஒரே பெட்டிக்குள், ஒன்றன்மேல் ஒன்றாக, ஒரே வயரில்.

அந்த வயர்தான்.

பெட்டிக்குள் இருக்கிற பவர் டப்பாவை ரிப்பேர்க்காரர்கள் எஸ்.எம்.பி.எஸ். என்பார்கள். நாத்தனாரின் டப்பாவில் காற்றாடி தேய்ந்து கரகர என்று சத்தம். புதிதாக ஒன்று வாங்கிவந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் தரையில் உட்கார்ந்தாள் அண்ணி. கழற்றின ஸ்க்ரூக்களைத் தண்ணி பாட்டில் மூடிகளில் தனித்தனியாகப் போட்டுவைத்தாள். பழைய டப்பாவும் சரி, புது டப்பாவும் சரி, ஒரே மாதிரி ஜாதி. மதர்போர்டுக்குப் போகிற தடித்த வயர்கள் டப்பாவோடு ஒட்டிப் பிறந்தவை. டிஸ்க்குக்குப் போகிற வயர் மட்டும் கழற்றி மாட்டுவது. ஒரு முனை டிஸ்க்கில், இன்னொரு முனை, ஊசிமாதிரி ஆறு பின்னோடு, டப்பாவில்.

தடித்த வயர்களை வேறு வழியில்லாமல் மாற்றினாள். அதற்கே நாலு டையை வெட்ட வேண்டியிருந்தது, மனசே இல்லை. டிஸ்க் வயர் மிச்ச எட்டு டைக்குள் பாம்புபோல் சுருண்டு அப்படியே அழகாக இருந்தது. புது டப்பாவோடு புது வயர் ஒரு பையில் வந்திருந்தது. அதை எதற்குப் பிரிக்க? பழைய வயரின் ஆறு பின் முனையைப் பிடுங்கிப் புது டப்பாவில் வைத்துப் பார்த்தாள். பொருந்தியது. நாக்கு தட்டி 'டக்' என்று பூட்டிக்கொண்டது. அவளுக்குச் சந்தோஷம்.

பக்கத்து அறையில் மாப்பிள்ளை ஏணிமேல் நின்று ஃபேன் வயரை முறுக்கிக்கொண்டிருந்தார். அதற்காக மெயினை அணைத்துவைத்திருந்தார்.

"அக்கா, மெயினைப் போடலாமா?"

"போடுங்க தம்பி."

போட்டார். விளக்கு வந்தது. அண்ணி கம்ப்யூட்டர் பட்டனை அழுத்தினாள். அங்கே ஃபேன் சுற்றாததைப் பார்த்த மாப்பிள்ளை, அதே நொடியில் மெயினை ஒருதரம் அணைத்துப் போட்டார். இங்கே பெட்டிக்குள் ஒரு சின்னச் சத்தம், நகத்தால் சுண்டின மாதிரி. அப்புறம் ஒரு வாசனை, சுட்ட பிளாஸ்டிக்கும் வெடிமருந்தும் கலந்த மாதிரி. பெட்டி செத்துக் கிடந்தது.

டிஸ்க் வயரைப் பிடுங்கினதும் கம்ப்யூட்டர் பழையபடி எழுந்துவிட்டது. விண்டோஸ் மதர்போர்டிலேயே செருகின சின்னச் சில்லில் இருந்தது, அது வந்தது. வேறு எதுவும் வரவில்லை. டிஸ்க் இரண்டையும் காணோம்.

"என்ன அண்ணி? என் டிசைனெல்லாம் எங்க?" நாத்தனார் கையைத் துடைத்துக்கொண்டே ஓடிவந்தாள்.

அண்ணி வாயைத் திறப்பதற்குள் ஏணியிலிருந்து குரல். "ஐயையோ, நான் மெயினை ரெண்டு தடவை அடிச்சேனே. அதனாலயா?"

யாரும் கேட்காமலே அவர் கழுத்தை நீட்டிவிட்டார். நாத்தனார் வெட்டினாள். அண்ணி பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த நிமிஷம் அவளுக்கும் நிச்சயமில்லை என்றுதான் சொல்ல வேண்டும். மெயினாகவும் இருக்கலாம் என்று நினைத்தாள், நினைக்க ஆசைப்பட்டாள். கீழ்வீட்டில் அழுகையும் திட்டுமாக இருக்கையில், கிளாஸுக்கு வாங்கின மல்டிமீட்டரை எடுத்து வயரின் டிஸ்க் முனையில் குத்தினாள். சிவப்பு வயரில் ஐந்து வோல்ட் வரவேண்டும். பன்னிரண்டு காட்டியது. மஞ்சளில் பன்னிரண்டு வரவேண்டும். ஐந்து காட்டியது. மறுபடி குத்தினாள். மீட்டருக்குப் பொய் சொல்லத் தெரியாது.

மாடிக்குப் போய் நோட்டை எடுத்தாள். ஏழாம் பக்கம், அவள் கையெழுத்து, சிவப்புப் பேனாவில் கட்டம் வேறு கட்டியிருந்தது. 'டிஸ்க் பக்கம் உலகம் பூரா ஒன்று. டப்பா பக்கம் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. பொருந்தினாலும் மாட்டக் கூடாது. டப்பாவோடு வந்த வயர் மட்டும்.' பரீட்சையில் இதே கேள்வி வந்தது. முழு மார்க் வாங்கியிருந்தாள்.

இறங்கிவந்து யாரும் பார்க்காதபோது மிச்ச எட்டு டையையும் வெட்டினாள். பழைய வயரை உருவி இடுப்பில் செருகிக்கொண்டாள். புது வயரைப் பையிலிருந்து எடுத்து மாட்டினாள். வயிற்றில் அந்த ஆறு பின் குத்திக்கொண்டே இருந்தது.

சாயங்காலம் நாத்தனார் கண் வீங்கி மேலே வந்தாள். "அண்ணி, நீங்க இல்லேன்னா கம்ப்யூட்டரே போயிருக்கும். அதையாவது காப்பாத்திக் குடுத்தீங்க." அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அண்ணி அந்தக் கையைத் தட்டிக்கொடுத்தாள். கோழி திருடியும் கூட இருந்து குலாவுகிறாள் என்பார்களே, அதே குலாவல்.

இதற்கு நடுவில் ஒரு ஆர்டர் நின்றது. ஒரு தொழிற்சாலைக்குச் சட்டைப் பைமேல் சின்னம், நானூறு சட்டை, சனிக்கிழமை கொடுக்க வேண்டும். சட்டைகள் மூட்டையாக வந்து அறையில் உட்கார்ந்திருந்தன. சின்னம் டிஸ்க்கில். மறுபடி வரைய வேண்டும் என்றால் ஒரு வாரம்.

புதன்கிழமை இரண்டு டிஸ்க்கையும் துண்டில் சுற்றிக்கொண்டு நாத்தனார் கிளம்பினாள். "நீங்களும் வாங்க அண்ணி. அந்த ஆள் இங்கிலீஷ்ல ஏதாவது சொன்னா எனக்குப் புரியாது. உங்களுக்குத்தான் எல்லாம் தெரியும்."

மழைக்கு நடுவில் இரண்டு பேரும் ஒரு குடையில் போனார்கள். டிஸ்க்கிலிருந்து போன டேட்டாவை எடுத்துத் தருகிற கடை ஒரு சந்துக்குள் இருந்தது. கடைக்காரர் நெற்றியில் லென்ஸ் மாட்டிக்கொண்டு, தும்மினால்கூடத் தலையைத் திருப்பித் தும்முகிறவர். டிஸ்க்கைக் காதில் வைத்துப் பார்த்தார். கரண்ட் கொடுத்துப் பார்த்தார்.

"ரெண்டுமே சுத்தல. என்ன ஆச்சு?"

"எங்க வீட்டுக்காரர் மெயினை அடிச்சுட்டாருங்க, ரெண்டு தடவை" என்றாள் நாத்தனார்.

"மெயினை அடிச்சதுக்கா? ரெண்டும் ஒண்ணாவா?" அவர் லென்ஸை மேலே தள்ளினார். "உள்ள ஏதாவது வேலை பாத்தீங்களா? எஸ்.எம்.பி.எஸ். மாத்தினது, வயர் மாத்தினது, அந்த மாதிரி?"

"எஸ்.எம்.பி.எஸ். மாத்தினோம். எங்க அண்ணிதான் மாத்தினாங்க. படிச்சவங்க."

கடைக்காரர் அண்ணியைப் பார்த்தார். "வயரும் அதோட வந்ததுதானே போட்டீங்க? பழசு போடலியே?"

கேள்வி நேராக வந்தது. பதிலும் தெரிந்ததுதான். முழு மார்க் வாங்கின பதில்.

"இல்லைங்க. புது வயர்தான்."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

"அப்ப மோட்டார் இறுகியிருக்கலாம், இல்ல உள்ள டேட்டாவைப் படிக்கிற ஹெட்டு போயிருக்கலாம். திறந்துதான் பாக்கணும். திறந்தா பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும். எல்லாம் வரும்னு சொல்ல மாட்டேன். வராமலும் போகலாம். நாளைக்குப் பதினொரு மணிக்கு எடுக்கறேன்."

வெளியே வந்ததும் நாத்தனார் குடையை விரிக்கவே இல்லை. நனைந்துகொண்டே நடந்தாள். வீட்டுக்குள் கால் வைத்ததும் மாப்பிள்ளையிடம் சொன்னாள், சத்தம் போடாமல் சொன்னாள். அதுதான் பயமாக இருந்தது.

"நீங்க கொஞ்ச நாள் உங்க அண்ணன் வீட்ல போய் இருங்க. உங்க முகத்தைப் பாத்தா எனக்கு வேலை ஓடல."

"எத்தனை நாளு?"

"எனக்குத் தெரியாது."

மாப்பிள்ளை தலையை ஆட்டினார். கொஞ்ச நேரத்தில் தோள்பையோடு மேல்வீட்டு வாசலில் வந்து நின்றார், உள்ளே வரவில்லை.

"அக்கா, மச்சான்கிட்ட சொல்லிடுங்க. காலைல பத்து மணி பஸ்ஸுக்குப் போயிடறேன்."

"தம்பி..."

"உங்களுக்குத்தான் அக்கா சங்கடம். படிச்சுட்டு வந்து ஆசையா நம்ம வீட்ல ஒரு வேலை செஞ்சீங்க. அதையும் நான் கெடுத்துட்டேன். கிளாஸ்ல கேட்டா என்ன சொல்வீங்க?"

"ஒண்ணும் சொல்ல மாட்டேன். நீங்க போங்க தம்பி, குளிர்ல நிக்காதீங்க."

அவர் போன பிறகு அண்ணி கதவைச் சாத்திக்கொண்டு, சாத்தின கதவைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அடுப்பில் பால் பொங்கி அடங்கி, அடியில் பிடித்துத் தீய்ந்த பிறகுதான் வாசனை தெரிந்தது.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணி. கிளாஸுக்குப் போகிற வழியில், செருப்புக் கடை ஷட்டருக்குக் கீழே ஒதுங்கி, டிஸ்க் கடைக்காரருக்கு போன் போட்டாள்.

"சார், நேத்து ரெண்டு டிஸ்க் குடுத்தோமே."

"இன்னும் எடுக்கலை, பதினொண்ணுக்குத்தான்."

"திறக்காதீங்க. வயர்... பழைய வயரைத்தான் போட்டேன். மீட்டர்ல பாத்தேன். சிவப்புல பன்னிரண்டு வருது."

அந்தப் பக்கம் லென்ஸைக் கழற்றி மேஜைமேல் வைக்கிற சத்தம்.

"நேத்து கேட்டேனேம்மா."

"நேத்து பொய் சொன்னேன்."

"நல்லா சொன்னீங்க போங்க. நான் பாட்டுக்குத் திறந்திருப்பேன். சரி, விடுங்க. டிஸ்க்கோட போர்டுல அரிசியைவிடக் கொஞ்சம் பெரிசா ஒரு கருப்பு டயோடு இருக்கும். வோல்ட் ஏறுச்சுன்னா அது முதல்ல தானே செத்துப் பாதையை அடைச்சுக்கும், உள்ள இருக்கறதெல்லாம் பொழைச்சுக்கும். அதைப் பிடுங்கிட்டாப் போதும், ஓடுனாலும் ஓடும். அரை மணி நேர வேலை. மத்தியானம் வாங்க."

"சார்... வீட்ல யாருக்கும் தெரியாது."

"அது உங்க வீட்டு விஷயம், எனக்கு எதுக்கு? இங்க வர்றதுல பாதி இந்த ஆறு பின் கேஸுதான். ஒருத்தரும் உண்மை சொன்னதில்லை. நீங்க ஒரு நாள் லேட்டா சொன்னீங்க."

போனை வைத்ததும் அண்ணி கிளாஸுக்குப் போகவில்லை. ஓடினாள். மாப்பிள்ளை பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பி வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். "போகாதீங்க தம்பி, டிஸ்க்கு வந்துடும்னு சொல்லிட்டாங்க" என்றாள் மூச்சு வாங்க. அதோடு இன்னொன்றையும் சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தாள். அதற்குள் நாத்தனார் உள்ளேயிருந்து ஓடிவந்து கட்டிப்பிடித்துக்கொண்டாள். கட்டிப்பிடித்தவள் தோளில் முகம் புதைந்து கிடக்கும்போது எதைச் சொல்வது?

மத்தியானம் டிஸ்க் வந்தது. கடைக்காரர் சொன்னபடியே ஒன்று ஓடியது. டயோடைப் பிடுங்கச் சொல்லி அண்ணிதான் போனில் யோசனை கொடுத்தாள் என்று நாத்தனார் தானாகவே எடுத்துக்கொண்டாள். அவசர அவசரமாகப் புது டிஸ்க் ஒன்றில் எல்லாவற்றையும் இறக்கினார்கள். மூவாயிரமும் வந்தன. சின்னமும் வந்தது. மூன்று மணிக்கு மிஷின் ஓட ஆரம்பித்தது, மேல்வீட்டுத் தம்ளர்கள் நடுங்கின.

வீட்டுக்காரர் அச்சகத்திலிருந்து போன் போட்டார். "என்ன இன்ஜினியரம்மா! டயோடு என்னமோன்னு கண்டுபிடிச்சியாமே! தங்கச்சி சொல்லிச்சு. நான் இங்க எல்லாருக்கும் டீ வாங்கிக் குடுத்துட்டேன்!"

"நான் கண்டுபிடிக்கலைங்க."

"அடக்கம் பாரு அடக்கம்!"

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நானூறில் முந்நூற்று அறுபது முடிந்துவிட்டது. மழை விட்டு வெயில் அடித்தது, ஜன்னல் கம்பிகள் ஆவி விட்டன. நாத்தனாருக்குப் பழைய குஷி திரும்பிவிட்டது. "அண்ணி, கீழ வாங்க! ஒண்ணு காட்டணும்!" என்று கத்தினாள்.

போனாள். மாப்பிள்ளை மிஷின் பிரேமிலிருந்து ஒரு துணியைக் கழற்றிக்கொண்டிருந்தார். வெள்ளைத் துணி, ஒரு முழம். ஓரத்தில் பூங்கொடி பார்டர், நடுவில் சிவப்பு நூலில் கொட்டை எழுத்து.

'மெயின் சுவிட்ச். மாப்பிள்ளை தொடக் கூடாது.'

"எப்படி? எட்டாயிரம் தையல்! நானே உட்கார்ந்து போட்டேன்!" நாத்தனார் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். "வர்றவங்க போறவங்க எல்லாரும் படிக்கட்டும்."

மாப்பிள்ளையும் சிரித்தார். துணியின் பின்பக்கத் தாளைக் கிழித்து, தொங்கின நூலைக் கத்தரியால் ஒவ்வொன்றாக வெட்டினார். வெட்டிவிட்டு, ஸ்டூலைப் போட்டு ஏறி, மெயின் போர்டுக்கு மேலே ஆணியில் தானே மாட்டினார். கோணலாக இருந்தது. இறங்கித் தள்ளி நின்று பார்த்துவிட்டு, மறுபடி ஏறி நேராக்கினார்.

"இப்ப நேரா இருக்கா அக்கா?"

"கழட்டுங்க அதை" என்றாள் அண்ணி.

"ஏன் அண்ணி, கலர் நல்லா இல்லையா?"

"கழட்டச் சொல்லும்மா. அவர் இல்ல. நான்தான்."

"என்ன நீங்கதான்?"

"டிஸ்க்கு போனது என்னாலதான். பழைய டப்பாவோட வயரைப் புது டப்பாவுல மாட்டினேன். மாட்டக் கூடாது. அதுதான் ரெண்டையும் எரிச்சுது. மெயினுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

மிஷின் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. நாத்தனார் கையை நீட்டி அதை நிறுத்தினாள்.

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"அன்னைக்கே. அரை மணி நேரத்துல."

"கடையில அந்த ஆள் கேட்டாரே. நான் பக்கத்துலதானே நின்னேன். புது வயர்தான்னு சொன்னீங்களே. நிச்சயமான்னு கேட்டாரே."

"சொன்னேன்."

"நாலு நாளு அண்ணி! இந்த மனுஷனை நான் என்னென்ன பேசினேன்! துப்புக்கெட்டவன்னு சொன்னேன். தின்னுட்டுத் தின்னுட்டுக் கெடுக்கறீங்கன்னு சொன்னேன். வீட்டை விட்டே போங்கன்னு..." மாடிப்படியைக் கைகாட்டினாள். "நீங்க மேல படியிலதானே நின்னீங்க? எனக்குக் காலு தெரியும் இங்கேருந்து. கேட்டுக்கிட்டுத்தானே நின்னீங்க?"

"கேட்டேன்."

மன்னிச்சுக்கோ என்று சொல்லலாம். அந்த வார்த்தை வாய்வரை வந்து, கூலி கேட்கிற மாதிரி இருக்கவே, உள்ளேயே நின்றுவிட்டது.

மாப்பிள்ளை இன்னும் ஸ்டூல் மேலேதான் நின்றார். ஒரு கையால் சுவரைப் பிடித்திருந்தார்.

"அப்ப நான் இல்லையா?"

"இல்ல தம்பி."

"நான் அடிச்சப்போ டக்குன்னு சத்தம் கேட்டுச்சே."

"அது நான் பட்டனை அழுத்தினது. ரெண்டும் ஒரே நேரத்துல ஆயிடுச்சு."

"நான் இல்லையா" என்றார் மறுபடி, யாரிடமும் இல்லாமல். மெதுவாக இறங்கி ஸ்டூலிலேயே உட்கார்ந்தார். அவருக்குக் கோபம் வந்தால் எப்படி இருக்கும் என்று அண்ணிக்குத் தெரியாது. பார்த்ததில்லை. வரட்டும் என்று காத்திருந்தாள். அவர் தன் கை இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஆறு மாசமா எது தொட்டாலும் வெளங்கல அக்கா. இதுவும் அதான்னு நம்பிட்டேன். ஒரு தடவைகூட சந்தேகம் வரல பாருங்க. இது நான்தானான்னு நானே ஒரு வார்த்தை கேட்டுக்காம..." சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

நாத்தனார் போய் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். தொடவில்லை, சும்மா உட்கார்ந்தாள். அண்ணியை நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள்.

"நீங்க மேல போங்க அண்ணி. நான் இவர்கிட்ட பேசணும்."

"சரி."

"நாற்பது சட்டை பாக்கி இருக்கு. தாள் கிழிக்க வர வேண்டாம். நாங்க பாத்துக்கறோம்."

"சரிம்மா."

படியேறினாள். பின்னால் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அறைந்து சாத்தவில்லை, வழக்கம்போலத்தான். உள்ளே என்ன பேசுகிறார்கள் என்று இந்தத் தடவை கேட்கவில்லை. படியில் நிற்கவும் கால் வரவில்லை.

மேல்வீட்டுக் கதவு திறந்திருந்தது. வீட்டுக்காரர் அச்சகத்திலிருந்து சீக்கிரமே வந்து, விரலில் மையோடு ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். கூடவே அவர் முதலாளியும் வந்திருந்தார், முதல் தடவையாக, நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"வா வா, உனக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கோம். சார் அவங்க ஆபீஸ் கம்ப்யூட்டரை உன்கிட்டதான் காட்டணும்னு வந்திருக்கார். டிஸ்க் கதையை நீயே சொல்லு. நான் சொன்னா சரியா வராது."

முதலாளி எழுந்து கும்பிட்டார். அண்ணி பதிலுக்குக் கும்பிட்டாள். கும்பிட்ட கை பிரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது.

"சொல்றேங்க" என்றாள். "ஆனா இவர் உங்ககிட்ட சொன்ன மாதிரி இல்ல."